ஏஜென்ட் என்றால் யார் சார்? வாசகர் கேள்விகள்

(இந்த இதழில் பதில் சொல்பவர், பழைய வண்ணாரப்பேட்டைக்காரரான ஒரு கணினி அறிவியல் பேராசிரியர்.)

எங்கள் அப்பா முப்பது வருடம் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டாக இருந்தவர். இப்போது என் மகன் ‘ஏஐ ஏஜென்ட்’ படிக்கிறேன் என்கிறான். இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
ராயபுரம் வாசகர்

நிறையவே உண்டு, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சரக்குக்காரர் உங்கள் அப்பாவிடம் ‘பெட்டி வெளியே வரணும்’ என்று மட்டும்தான் சொல்லியிருப்பார். எந்தத் தாளை எங்கே கொடுப்பது, கஸ்டம்ஸில் குறை சொன்னால் எதைத் திருத்திக்கொண்டு மறுபடி போய் நிற்பது என்பதெல்லாம் அப்பாவின் பாடு. நிலைமையைப் பார்ப்பது, முடிவெடுப்பது, செய்வது, செய்ததால் என்ன ஆயிற்று என்று திரும்பவும் பார்ப்பது: இந்தச் சுற்று ஒரு நிரலுக்குள் ஓடினால் அதை நாங்கள் ஏஜென்ட் என்கிறோம். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கும் நிரல் வெறும் விசாரணை கவுன்டர்தான்.

இது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. 1980-லேயே ரீட் ஸ்மித் ‘கான்ட்ராக்ட் நெட்’ என்ற முறையை எழுதினார். ஒரு கணினி ‘இந்த வேலை இருக்கு, யார் எடுத்துக்கிறீங்க’ என்று அறிவிக்கும், மற்றவை தங்களால் எப்படி முடியும் என்று சொல்லும், பொருத்தமானதற்கு வேலை போகும். நம் ஊர் டெண்டர்தான்! 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததற்குப் பிறகு அந்தச் சுற்றின் நடுவே, நாம் எழுதுவதைப் புரிந்து பதில் எழுதும் மொழி மாடலை உட்கார வைத்தார்கள், பெயர் தெருத்தெருவாகப் பரவிவிட்டது.

நீங்கள் ஏலம் பற்றி ஆராய்ச்சி செய்வதாகப் படித்தேன். எங்கள் ஊர் மீன் ஏலத்தை கம்ப்யூட்டர் போடுமா?
காசிமேடு வாசகி

போடும் அம்மா, ஆனால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒவ்வொரு வருடமும் புது மாணவர்களை விடியற்காலையில் அங்கே அழைத்து வருவேன். ஐஸ் தண்ணீர் காலை நனைக்கும், பெட்டி நிறைய சங்கரா, ஏலக்காரர் விடாமல் விலை சொல்லிக்கொண்டே போவார், வாங்குகிறவர் வாயே திறக்காமல் லேசாகத் தலையை ஆட்டுவார், பெட்டி கைமாறிவிடும். எங்கள் பசங்களுக்கு யார் வாங்கினார்கள் என்று கூடத் தெரியாது. அப்புறம் கல்லூரிக்குத் திரும்பி, அதே மாதிரி ஏலம் கேட்கும் ஏஜென்ட்களை எழுதச் சொல்வேன்.

போன வருடம் ஒரு மாணவன், ஏலத்தில் ஜெயித்தால் மதிப்பெண் என்று தன் ஏஜென்டுக்குச் சொல்லிக்கொடுத்தான். அது முதல் ஏழு பெட்டியையும் எந்த விலை என்றாலும் வாங்கிவிட்டு, கையில் காசில்லாமல் உட்கார்ந்துவிட்டது. அவன் கேட்டதைத்தான் அது செய்தது, லாபம் வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லையே. இன்னொரு மாணவி எழுதியது கெட்டிக்கார ஏஜென்ட், ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்து விலைகளை மட்டும் காட்டிப் பழக்கியிருந்தாள். விசைப்படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்து மீன் வந்து குவிந்தபோதும் அது பழைய விலைக்கே கையைத் தூக்கிக்கொண்டிருந்தது. பாடப்புத்தகத்தில் ‘சூழல் மாறினால்’ என்று ஒரு வரியாக வருவது இதுதான், அந்த வரியை நான் பத்து தடவை சொன்னாலும் ஏறாது, அந்த மாணவிக்கு இனி மறக்காது.

வகுப்பில் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961-இல் எழுதிய ஏல முறையையும் சொல்லித்தருவேன். எல்லோரும் விலையை ரகசியமாக எழுதிக் கொடுக்க வேண்டும், அதிகம் எழுதியவருக்குப் பொருள், ஆனால் அவர் கொடுக்க வேண்டியது இரண்டாவது ஆள் எழுதிய விலை. உங்களுக்கு ஒரு பெட்டி 3,000 ரூபாய் பெறும் என்றால் 3,000 என்றே எழுதுவதுதான் நல்லது, கூட்டியோ குறைத்தோ எழுதினால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டலாம். 1996-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இதை அங்கே ஒரு மீன்காரம்மாவிடம், நீங்கள் 3,000 எழுதி, இரண்டாவது ஆள் 2,800 எழுதியிருந்தால் நீங்கள் 2,800 கொடுத்தால் போதும் என்று சொன்னேன். “அப்போ மீதி எரநூறை படகுக்காரனுக்கு யாரு குடுப்பா, நீயா?” என்றார். அதோடு நிற்கவில்லை, இரண்டு பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அவரே அடுத்த கேள்வியையும் கேட்டார். அந்த முறையின் பெரிய ஓட்டை அதுதான். படகுக்கு முன்பணம் கொடுத்த வியாபாரி, சொந்தக்காரர், போன வாரத்துப் பாக்கி எல்லாம் சேர்ந்ததுதான் அங்கே விலை. எங்கள் ஏஜென்ட்கள் ஒன்றை ஒன்று முன்பின் தெரியாதவை. அவற்றுக்குப் பழைய பாக்கியை ஞாபகம் வைத்துக்கொள்ளக் கற்றுத்தருவதில்தான் இப்போது என் மண்டை உடைகிறது.

ஏஜென்ட் தப்பு செய்தால் பொறுப்பு யாருக்கு?
பெரம்பூர் வாசகர்

என் கதையைக் கேளுங்கள். ஒரு ஏஜென்டிடம் என் மின்னஞ்சலைக் கொடுத்து, லேப் தேர்வுத் தேதி மாறியதை மாணவர்களுக்குத் தெரிவி என்றேன். அது எங்கேயோ இருந்த பழைய பட்டியலைத் தேடி எடுத்து, படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டவர்களுக்கு எல்லாம் அனுப்பிவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவன் போன் செய்து, “சார், எனக்கு அரியர் ஏதாவது இருக்கா சார்?” என்று கிட்டத்தட்ட அழுதான். பொறுப்பு என்னுடையது, அனுப்பும் உரிமையைக் கொடுத்தது நான். இப்போதெல்லாம் அது எழுதித் தரும், நான் படித்துவிட்டு அனுப்புகிறேன்.

ஒரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு படியும் நூற்றுக்கு 95 தடவை சரியாகச் செய்கிற ஏஜென்ட் என்று வையுங்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இருபது படி உள்ள வேலையை அது முதலிலிருந்து கடைசி வரை பிசகாமல் முடிக்கும் வாய்ப்பு சுமார் 36 சதவீதம்தான். நடுவில் ஒரு ஆள் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது.

பிளஸ் டூ முடிக்கிறேன் சார். ‘ஏஐ’ என்று பெயர் போட்ட படிப்பில்தான் சேர வேண்டுமா?
தண்டையார்பேட்டை மாணவன்

வேண்டாம் தம்பி, பெயர்ப்பலகையைப் பார்க்காதே, பாடத்திட்டத்தை வாங்கிப் பார். நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், நிரலாக்கம் மூன்றும் உருப்படியாக இருக்கிறதா என்று பார், மற்றதை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் வாங்கிய ராஜ் ரெட்டி படித்தது சிவில். அவருக்குத்தான் 1994-இல் ஏஐ ஆராய்ச்சிக்காக, கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருது கொடுத்தார்கள்.

உங்கள் மாணவர்கள் அசைன்மென்டை ஏஐ வைத்து எழுதுகிறார்களா?
கொருக்குப்பேட்டை வாசகி

ஆமாம். எழுதியதைக் கரும்பலகை முன்னால் நின்று விளக்கச் சொல்கிறேன், அங்கேதான் வேர்க்கும்.

ரோபோக்கள் ஃபுட்பாலில் மனிதர்களை ஜெயிக்குமாமே?
வியாசர்பாடி வாசகர்

1997-இல் ஜப்பானின் நகோயாவில் ஆரம்பித்த ரோபோகப் போட்டிக்காரர்களின் இலக்கு அது. 2050-க்குள் மனித உலக சாம்பியனை வெல்லும் ரோபோ அணி வேண்டும் என்கிறார்கள். உலக சாம்பியன் இருக்கட்டும், முதலில் உங்கள் ஏரியா பசங்களோடு, இரண்டு செங்கல் வைத்த கோல்போஸ்ட்டில், நடுவே ஷேர் ஆட்டோ வந்து போகும் தெருவில் ஒரு மேட்ச் ஆடச் சொல்லுங்கள், டிக்கெட் வாங்கிக்கொண்டு நான் வருகிறேன்.