வாசகர் கேள்வி – பதில்: புள்ளி வைத்த பைல்கள் எங்கே போயின?

கேள்வி: பழைய லினக்ஸ் கணினியில் இருந்த மூன்று பேரின் ஹோம் டைரக்டரிகளைப் புதியதற்கு மாற்றினேன். உள்ளே போய், காப்பி செய்யும் 'சிபி' கட்டளையோடு நட்சத்திரக்குறி போட்டேன். படங்களும் ஆவணங்களும் வந்துவிட்டன. எஸ்எஸ்எச் சாவி (வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவுவது), பாஷ் அமைப்புகள் மட்டும் வரவில்லையே?

பதில்: குற்றம் 'சிபி'யுடையது அல்ல. நட்சத்திரக்குறியைப் பெயர்களாக விரிப்பது, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் (பாஷ் அதில் ஒரு வகை). புள்ளியில் தொடங்கும் பெயர்களை அது விட்டுவிடும். எஸ்எஸ்எச் சாவி இருக்கும் ஃபோல்டரும் பாஷ் அமைப்புகளும் அப்படிப் பெயர் வைத்தவை. 'சிபி'யின் கைக்கு அவை போகவே இல்லை. ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஆவணங்கள் ஃபோல்டருக்குள் 'கிட்' ஃபோல்டர் (மாற்றங்களின் வரலாறு இருப்பது) இருந்தால், அது புள்ளியில் தொடங்கினாலும், வந்திருக்கும். சின்ன ஆர் சேர்த்தால், உள்ஃபோல்டர்களுக்குள் 'சிபி' தானே இறங்கி எல்லாவற்றையும் எடுக்கும். மேல்மட்டத்தில் இருந்தவைதான் விடுபடும்.

இதைச் சரிசெய்யப் புள்ளியும் நட்சத்திரமும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். இரட்டைப் புள்ளி, அதாவது மேல் டைரக்டரி, அதற்குள் அடங்கும். மற்ற பயனர்களின் பைல்களும் சேர்ந்து வந்து கொட்டும். 2022-இல் வந்த பாஷ் 5.2 முதல் இது இயல்பாகவே தடுக்கப்படுகிறது. பழைய பாஷில் ஆபத்து அப்படியே இருக்கிறது. உரிமையாளரை மாற்றும் 'சௌன்' கட்டளையோடு, உள்ஃபோல்டர்களுக்கும் இறங்கச் சொல்லும் பெரிய ஆர் சேர்த்துப் போட்டால் எல்லாருடைய பைல்களும் ஒருவர் பெயருக்கு மாறிவிடும்.

நட்சத்திரமே வேண்டாம். டைரக்டரியின் பெயரைக் கொடுத்து, காப்பி செய்யும் இன்னொரு கட்டளையான 'ஆர்சிங்க்' ஓட்டுங்கள். அதோடு சேர்க்கவேண்டிய எழுத்துகள்: சின்ன ஏ, பெரிய எச், பெரிய ஏ, பெரிய எக்ஸ். பின் மூன்றும் ஹார்டு லிங்க் (ஒரே பைலுக்கு இன்னொரு பெயர்), ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்), கூடுதல் பண்புகளுக்கு. சின்ன ஏ மட்டும் இவற்றைக் காப்பாற்றாது. மூலப் பாதையின் கடைசியில் சாய்கோடு அவசியம். இல்லாவிட்டால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் உட்காரும். அந்தப் பயனர்கள் லாக்அவுட் செய்தபின் ஓட்டுவது நல்லது.

கேள்வி: காப்பி ஆனபின் உரிமையாளர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 1001 என்று எண் காட்டுகிறது. அனுமதி இல்லை என்கிறது.

பதில்: டிஸ்கில் பதிவாவது பெயர் அல்ல, பயனர் எண். உபுண்டுவில் முதல் பயனர் 1000, மேக்கில் 501. புதிய கணினியில் முதலில் கணக்குகளை அதே பெயரில் உருவாக்குங்கள். பிறகு, எழுதும் பக்கம், அதாவது புதிய கணினியில், ரூட்டாக (முழு அதிகாரமுள்ள கணக்கு) இருக்கும்படி 'ஆர்சிங்க்' ஓட்டினால் பெயரைப் பார்த்து எண்ணை மாற்றிக்கொள்ளும். ஏற்கெனவே காப்பி ஆகிவிட்டதா? பெரிய ஆர் சேர்த்து 'சௌன்' கொடுத்து, பயனர் பெயரை முக்காற்புள்ளியோடு எழுதி, அவருடைய ஹோம் டைரக்டரியை மட்டும் குறிப்பிடுங்கள். பிறகும் எஸ்எஸ்எச் சாவியை ஏற்காமல் பாஸ்வேர்டு கேட்டால், எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, தனிச் சாவிக்கு 600 என்ற அனுமதி எண் இருக்கிறதா, ஹோம் டைரக்டரியில் குழுவுக்கு எழுதும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். குழுவுக்கு எழுதும் அனுமதி இருந்தால் சர்வர் மறுக்கும்.

கேள்வி: பென்டிரைவ் வழியாகக் கொண்டுபோகலாமா?

பதில்: நேரடியாக வேண்டாம். பென்டிரைவ்களில் வழக்கமான எக்ஸ்ஃபேட் வடிவத்தில் உரிமையாளர், அனுமதி, சிம்பாலிக் லிங்க் (வேறு பைலைக் காட்டும் குறுக்குவழி) எதுவும் தங்காது. 'டார்' கொண்டு ஒரே பைலாகக் கட்டி எடுத்துச் செல்லுங்கள்; ஃபேட்32 என்றால் ஒரு பைல் 4 ஜிபியைத் தொட முடியாது.