அமெரிக்காவில் 4 ஆண்டு இளநிலைப் பட்டத்தை 3 ஆண்டில் முடிக்க முடியுமா?

தாராளமாக முடியும். பெரும்பாலான கல்லூரிகளில் பட்டம் பெற 120 கிரெடிட் (பாடங்களுக்கான அலகு) வேண்டும். 6 செமஸ்டருக்கு 18 வீதம் 108. மீதி 12-ஐ இரண்டு கோடை விடுமுறைகளில் முடிக்கலாம். கணக்கு சரியாக இருந்தும் பலர் மாட்டிக்கொள்வது முன்தேவைப் பாடங்களில்தான். கால்குலஸ் 1 தேறாமல் 2 எடுக்க முடியாது. அடுத்த பாடம் வசந்த செமஸ்டரில் மட்டும் நடத்தப்பட்டு, அதைத் தவறவிட்டால் ஒரு வருடமே போய்விடும். அதனால் கடைசிப் பாடத்திலிருந்து பின்னோக்கி அட்டவணை போடுங்கள். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று வரும் பாடங்களில் நீளமான சங்கிலியை முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள். பொதுப் பாடங்களை எங்கே வேண்டுமானாலும் நுழைக்கலாம். வகுப்புக்குப் போகாமலே ஒரு பாடத்துக்குக் கிரெடிட் பெற உதவும் கிளெப் (CLEP) தேர்வில் 50 மதிப்பெண் எடுத்தால் பல கல்லூரிகள் 3 கிரெடிட்டாவது தரும். உங்கள் கல்லூரி ஏற்குமா என்று பதிவாளர் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். 18 கிரெடிட் என்றால் வகுப்பும் படிப்புமாக வாரம் 54 மணி நேரம். அந்தச் சமயத்தில் பகுதிநேர வேலை வேண்டவே வேண்டாம்.