போதையை விட்ட பிறகுதான் தடுப்பூசியா?

கேள்வி: 31 வயதாகும் என் தம்பி, போதை மருந்தைச் சில ஆண்டுகளாக ஊசி மூலம் எடுத்துக்கொண்டிருந்தான். இப்போது போதைப் பழக்கத்தை விட உதவும் புப்ரினார்பின் என்ற மருந்தின் சிகிச்சையில் இருக்கிறான் என்றாலும், இடையிடையே பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறான். தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். முழுமையாக விட்ட பிறகு போட்டால் போதாதா? சிகிச்சை மருந்தோடு சேர்ந்தால் ஏதேனும் ஆபத்து உண்டா?

பதில்: காத்திருக்க வேண்டாம். தொற்று ஏற்படும் வாய்ப்பு அதிகமாக இருப்பது பழக்கம் விட்டும் விடாமலும் இருக்கும் இந்தக் காலத்தில்தான் என்பதால், தடுப்பூசியின் தேவையும் இப்போதுதான் அதிகம். புப்ரினார்பினோ, அதேபோன்ற சிகிச்சை மருந்தான மெத்தடோனோ தடுப்பூசியின் செயலைக் கெடுப்பதில்லை. கடுமையான காய்ச்சல் இருந்தால் மட்டும் அது தணியும்வரை தள்ளிப்போடலாம்.

முதலில் போட வேண்டியது ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸ் உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தக் கறையில்கூடக் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கும். "நான் யாருடைய ஊசியையும் வாங்கியதில்லை" என்று உண்மையாகவே சொல்பவர்கூட, மருந்தைக் கரைக்கும் கரண்டியையோ வடிகட்டும் பஞ்சையோ தண்ணீரையோ பகிர்ந்திருப்பார். தொற்றுக்கு அது போதும். பெரியவர்களில் பெரும்பாலானோர் இத்தொற்றிலிருந்து தாமாகவே மீண்டுவிடுகிறார்கள். ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்கு அது நிலைத்துவிடுகிறது. அவர்களில் சிலருக்குக் கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் பின்னாளில் வருகின்றன. ஏற்கெனவே ஹெபடைட்டிஸ் சி இருப்பவருக்கு இதுவும் சேர்ந்தால் கல்லீரல் விரைவில் சீர்கெடும். பி இல்லாமல் ஹெபடைட்டிஸ் டி தொற்ற முடியாது என்பதால், இந்த ஒரே தடுப்பூசி அதையும் தடுத்துவிடுகிறது.

வழக்கமான அட்டவணையில் முதல் தவணைக்குப் பின் 1 மாதத்திலும் 6 மாதத்திலும் அடுத்த தவணைகள் போடப்படுகின்றன. ஆறு மாதம் கழித்து எங்கே இருப்பார் என்று தெரியாத ஒருவருக்கு இதைவிட 0, 7, 21 ஆம் நாட்களில் போட்டு, ஓராண்டில் நான்காவது தவணை தரும் விரைவு அட்டவணையையே நான் விரும்புவேன். ஊசி மூலம் போதை மருந்து எடுப்பவர்களுக்கு விரைவு அட்டவணையை உலக சுகாதார நிறுவனமும் 2012-இல் பரிந்துரைத்தது. ஒரு தவணை தவறிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஏற்கெனவே தொற்று உள்ளதா என்று அறியும் பரிசோதனைக்கு, முதல் தவணைக்கு முன் அதே நாளில் இரத்தம் எடுத்துவிட வேண்டும். ஆனால் முடிவு வரும்வரை ஊசியை நிறுத்திவைக்கக் கூடாது.

ஊசி ஏறி ஏறித் தழும்பான கைகளில் செவிலியர் நரம்பு தேடும் வேதனைக்கும், அப்போது விழும் பார்வைக்கும் அஞ்சியே பலர் மருத்துவமனைப் பக்கம் வருவதில்லை. தடுப்பூசி தோள்பட்டைக்குக் கீழுள்ள தசையில் போடப்படுவது, அதற்கு நரம்பு தேட வேண்டியதே இல்லை என்பதைத் தம்பிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இன்னொன்றையும் சொல்லிவையுங்கள்: ஊசிக்குப் பின் ஓரிரு நாள் உடல்வலியும் லேசான காய்ச்சலும் வரக்கூடும். அதைப் போதை மருந்து கிடைக்காததால் வரும் உபாதை என்று தவறாக எண்ணி, மீண்டும் மருந்தை நாடிவிடக் கூடாது.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போடப்பட்டது என்று கேளுங்கள். 10 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் மீண்டும் போட வேண்டும். நரம்பு கிடைக்காமல் போதை மருந்தைத் தோலுக்கடியில் செலுத்தும்போது, காற்றில்லாத அந்தத் திசுவில் டெட்டனஸ் கிருமி எளிதில் வளரும். ஒருமுறை அந்நோய் வந்து பிழைத்தாலும் எதிர்ப்புச் சக்தி உருவாவதில்லை. அசுத்தமான உணவு, நீர், கைகள் வழியே பரவும் ஹெபடைட்டிஸ் ஏ-க்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை போதும். அமெரிக்காவின் சான் டியேகோவில் 2016 இறுதி முதல் 2018 வரை வீடற்றோரிடமும் போதை மருந்து பயன்படுத்துவோரிடமும் பெருமளவில் பரவிய இந்நோயால் 20 பேர் இறந்தனர். ஹெராயின் போன்ற ஓபியம் வகை மருந்துகள் இருமலையும் மூச்சையும் மட்டுப்படுத்துவதால் நுரையீரலில் சளி தேங்கும். ஆகவே இன்புளூயன்சா (ஃப்ளூ), நிமோகாக்கல் (நிமோனியா) தடுப்பூசிகளையும் கேட்டுப் பெறுங்கள்.

எச்ஐவி-க்கும் ஹெபடைட்டிஸ் சி-க்கும் தடுப்பூசி இல்லை. ஆகவே சுத்தமான ஊசியின் தேவை எந்த வகையிலும் குறைவதில்லை. இரண்டுக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள். ஹெபடைட்டிஸ் சி இருந்தால் 8 முதல் 12 வார மாத்திரைகளில் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். எச்ஐவி இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்வது அவசியம், ஏனெனில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் அளவே மாறக்கூடும்.

புப்ரினார்பின் வாங்கும் இடத்திலேயே, அடுத்த முறை செல்லும் நாளிலேயே முதல் தவணையைக் கேளுங்கள். தடுப்பூசி அட்டையைப் படமெடுத்து உங்கள் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், தம்பியிடம் இருந்தால் அது தொலைந்துபோகும்.