கோவலனா, பாண்டியனா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். உயர்ந்த நிலையில் இருப்பவன் தன்னிடமுள்ள ஒரு குறையால் வீழ்ந்தால் அவன் துன்பியல் நாயகன் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படிப் பார்த்தால் நம் கோவலனும் அப்படித்தானே? சபலம்தானே அவன் குறை?

வாசகி, அம்மாபேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் ‘குறை’ என்ற சொல்லில்தான் சிக்கலே. அரிஸ்டாட்டிலின் சொல் ஹமார்ட்டியா, அதாவது அம்பு குறி தப்புவது மாதிரியான பிழை. நாம் அதைக் குணக்கேடு என்று ஆக்கி, தேர்வுக்கு வசதியாக ஆளுக்கொரு கெட்ட குணத்தை ஒட்டிவிட்டோம். கிரேக்க நாடகத்து ராஜா ஈடிபஸ் முச்சந்தியில் ஒரு கிழவரைக் கொன்றது கோபத்தில்தான், சரி. அந்தக் கிழவர் தன் அப்பா என்று தெரியாமல் போனதும் கோபத்தாலா?

கோவலனுக்குத் தன் தவறு தெரியும். சிலம்பை விற்கக் கிளம்பும் முன் ‘இருமுது குரவர் ஏவலும் பிழைத்தேன்’ என்று கண்ணகியிடம் புலம்புகிறான். ஆனால் அவனைக் கொன்றது அந்தத் தவறு இல்லை, பொற்கொல்லனின் திருட்டு. மாதவியிடம் போகாமல் இருந்தால் மதுரைக்கே வந்திருக்க மாட்டானே என்பீர்கள். வாஸ்தவம்தான், ஆனாலும் குடிகாரக் காவலன் ஒருவன் வாளை வீச, எதற்கு என்றே தெரியாமல் சாகிறவனை என்னால் அந்த வரிசையில் உட்கார வைக்க முடியவில்லை.

என் ஓட்டு பாண்டியனுக்கு. தலைவலி என்று ஊடிப் போன தேவியைச் சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில், அவள் வாசலில் நின்று விசாரிக்காமல் ‘கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு’ என்று சொல்லிவிடுகிறான். கெட்ட ராஜா இல்லை, ஒரு நிமிஷத்து அவசரம், அவ்வளவுதான். அப்புறம் கண்ணகி வந்து சிலம்பை உடைக்கும்போது உள்ளிருந்து தேவியின் சிலம்பில் இருப்பது போல முத்து வரவில்லை, மாணிக்கம் வருகிறது. அது தெறித்துப் போவது எங்கே என்று பாருங்கள், ‘மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே’, கொல் என்று சொன்ன அதே வாய்க்கு. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று தனக்குத் தானே தீர்ப்பு சொல்லி விழுகிறான். உண்மை தெரிந்ததும் ஈடிபஸ் கண்ணைக் குத்திக்கொண்டதற்கு இது எந்த விதத்தில் குறைவு?

நீங்கள் கர்ணனைக் கேட்காமல் விட்டது ஆச்சரியம், உங்கள் ஊர்ப்பக்கம் கூத்தில் அவன்தானே ராஜா. தாரமங்கலம் பக்கத்தில் ஒருமுறை கர்ண மோட்சம் பார்த்தேன். விடியப்போகிற நேரம், மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டம், கர்ணன் கட்டியவரின் அரிதாரம் வியர்வையில் கோடுகோடாக இறங்கிக்கொண்டிருந்தது. குந்தி தாய் என்பதும் எதிரே நிற்பவர்கள் தம்பிகள் என்பதும் அவனுக்கு முன்பே தெரியும். தெரியாமல் பிழை செய்து, பிறகு உண்மை தெரிந்து உடைகிற அந்தக் கிரேக்க அளவுகோல் இவனுக்குச் சரியாகப் பொருந்தாது, தெரிந்துகொள்ள இவனுக்கு மிச்சம் என்ன இருக்கிறது? பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பாட்டி, யாரிடம் என்றில்லாமல், “தெரிஞ்சேதான் போறான் பாரு” என்றார். அவருக்கு ஈடிபஸ் கதையைச் சொன்னால் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டே முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.