கென்யக் குழந்தைகளுக்கு உதவும் ஆறு பேர்: கட்டடம் கட்டலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் லண்டன் ஹாரோவில் ஆறு பேர். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், யாருக்கும் சம்பளம் கிடையாது. நாலு வருடமாகக் கென்யாவில் கிசுமு நகருக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் பணம் அனுப்புகிறோம். அங்கே 34 பிள்ளைகள். போன வருடம் 11,000 பவுண்ட் சேர்ந்தது. எல்லாம் என் சொந்த வங்கிக் கணக்கு வழியாகத்தான் போகிறது. இப்போது இல்ல நிர்வாகி புதிதாகத் தங்குமிடம் கட்ட 18,000 பவுண்ட் கேட்கிறார். கோடை விடுமுறையில் எங்கள் பிள்ளைகளோடு போய் இரண்டு வாரம் அங்கே உதவி செய்யவும் ஆசை. நாங்கள் பதிவு செய்ய வேண்டுமா? கட்டடத்துக்குப் பணம் திரட்டலாமா?

பதில்: பதிவு செய்தே ஆக வேண்டும். கட்டடம் வேண்டாம். கோடைப் பயணத்துக்குப் பாதி சம்மதம். இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொந்தக் கணக்கு. உங்கள் நேர்மையை யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் நாளைக்கு உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் 34 பிள்ளைகளின் சாப்பாட்டுப் பணம் உங்கள் பெயரில் மாட்டிக்கொள்ளும். வருமான வரி அலுவலகம் அந்த 11,000 பவுண்ட் யாருடையது என்று கேட்டால் காட்டவும் உங்களிடம் எதுவும் இருக்காது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டும் அறப்பணிக் குழு, இத்தகைய அமைப்புகளை மேற்பார்க்கும் அரசுத் துறையான சாரிட்டி கமிஷனில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். நீங்கள் அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டீர்கள்.

எந்த வடிவத்தில் பதிவது என்று கேட்டால், உங்களைப் போன்றவர்களுக்கு 'சிஐஓ' (Charitable Incorporated Organisation) வடிவம்தான் பொருத்தம். அறப்பணிக்கென்றே வந்த சட்ட வடிவம் அது. 2013 முதல் பதிவாகிறது. ஒப்பந்தம், கடன் எல்லாம் அமைப்பின் பெயரில் இருக்கும், அமைப்பை நடத்தும் பொறுப்பாளர்களான ட்ரஸ்டிகளின் வீட்டு வாசலுக்கு வராது. வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆண்டுதோறும் கணக்கை கமிஷனிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்பதுதான் பதிலுக்கு நீங்கள் சுமக்க வேண்டியது. வங்கிக் கணக்கில் இரண்டு பேர் ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் வெளியே போக வேண்டும். அந்த இரண்டு பேரும் கணவன் மனைவியாக இருக்கக் கூடாது. குடும்பத்துக்குள் நம்பிக்கை நிறைய இருக்கும், கேள்வி கேட்கும் பழக்கம் இருக்காது. கணக்கு திறப்பதிலும் பொறுமை வேண்டும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் சின்ன அமைப்பு என்றாலே வங்கிகள் தயங்குகின்றன. யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

பதிவானதும், வரித் துறையின் அங்கீகாரத்தையும் தனியாக வாங்கிவிட்டால் கிஃப்ட் எய்ட் கிடைக்கும். வரி கட்டும் ஒருவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து வரும். உங்கள் 11,000 பவுண்டும் தகுதியுள்ள நன்கொடையாக இருந்தால் 2,750 பவுண்ட் கூடுதல். ஒரு எச்சரிக்கை: தோசைக் கடை போட்டு விற்ற காசு இதில் சேராது. அது வியாபாரம், நன்கொடை இல்லை. தட்டு ஐந்து பவுண்ட் என்று போர்டு வைத்தால் விற்பனை. பக்கத்திலேயே ஒரு உண்டியல் வைத்து அதில் தனியாக விழுவதுதான் நன்கொடை. அப்புறம், வெளிநாட்டுக்குப் போன பணம் சொன்ன காரியத்துக்குத்தான் செலவானது என்பதற்கு நியாயமான முயற்சி எடுத்தீர்களா என்று வரித் துறை கேட்கும். 'நிர்வாகி நல்லவர்' என்ற பதில் அங்கே எடுபடாது.

அந்த நியாயமான முயற்சியில் நானும் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு சின்னக் குழுவின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கென்யாவிலிருந்து வந்த ரசீதுகளில் மூன்று கடைகளின் பில்கள் ஒரே கையெழுத்தில் இருந்தன. மோசடி என்று முடிவு கட்டி அந்தக் காலாண்டுப் பணத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். விசாரித்தபோது விஷயம் வேறு. அந்தச் சந்தையில் அரிசி, பீன்ஸ் விற்கும் பெண்களிடம் ரசீதுப் புத்தகமே கிடையாது. நம் ஆள் கடைத்தெருவில் ஒரு புத்தகம் வாங்கி, தானே எழுதி, விற்றவரிடம் கையொப்பம் வாங்கியிருக்கிறார். பணம் தாமதமானதால் அங்கே ஒரு மாதம் கடன் வாங்கிச் சமைத்தார்கள். அன்றிலிருந்து சந்தைச் செலவுக்கு ரசீதை நம்பி உட்காருவதில்லை. பெரிய தொகைகளை நேராகச் சேர வேண்டிய இடத்துக்கு அனுப்பச் சொல்வேன். பள்ளிக் கட்டணம் பள்ளியின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். கைச்செலவை மட்டும் எம்-பெசாவில் அனுப்பலாம். 2007-இல் கென்யாவில் தொடங்கிய இந்த மொபைல் பணம் இப்போது கிராமத்துப் பெட்டிக்கடை வரை போய்விட்டது. யாருக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு என்பது தானாகவே பதிவாகிவிடும். எதுவானாலும் நிர்வாகியின் தனிப்பட்ட கணக்குக்கு அனுப்பாதீர்கள். உங்களுக்குச் சொன்ன அதே நியாயம் அவருக்கும் பொருந்தும்.

இனி கட்டடம்.

2017 நவம்பரில் கென்ய அரசு புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தியது. 2022-இல் புதிய குழந்தைகள் சட்டம் வந்தது. அதே ஆண்டில், 2032 வரை பத்தாண்டுகளில் இல்லங்களிலிருக்கும் பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பும் தேசியத் திட்டம் ஒன்றும் வந்தது. அரசு படிப்படியாக மூடப்போகிற ஒன்றுக்கு நீங்கள் 18,000 பவுண்டில் செங்கல் அடுக்கப் போகிறீர்கள். அந்த இல்லத்தின் பதிவு இன்றைக்குச் செல்லுபடியாகிறதா என்பதையே முதலில் கேட்டுப் பாருங்கள்.

அரசு ஏன் இப்படி முடிவெடுத்தது என்பதற்கு 'அநாதை' என்ற சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். நம் காதுக்கு அது அப்பா அம்மா இருவரும் இல்லாத பிள்ளை. யுனிசெஃப் கணக்கில் ஒருவரை இழந்திருந்தாலே போதும். 2015-க்கான அவர்கள் மதிப்பீட்டில் உலகம் முழுவதும் கிட்டத்தட்ட 14 கோடி குழந்தைகள், அதில் ஆப்பிரிக்காவில் 5 கோடியே 20 லட்சம். ஆனால் இருவரையும் இழந்தவர்கள் உலகம் முழுவதற்குமே 1 கோடியே 51 லட்சம்தான். மீதிப் பேருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார். பெரும்பாலும் விதவைத் தாய்.

கிசுமு, சியாயா, ஹோமா பே, விக்டோரியா ஏரியைச் சுற்றிய இந்தப் பகுதிதான் கென்யாவில் எச்ஐவி மிக அதிகமாகப் பரவிய இடம். ஒரு தலைமுறைப் பெற்றோரை அது வாரிக்கொண்டு போனது. பாட்டிகள் பேரப்பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சுவாஹிலியில் பாட்டிக்கும் தக்காளிக்கும் 'ஞாஞா' என்று ஒரே சொல். சந்தையில் தக்காளி விற்கும் பாட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் ஞாபகம் வரும். அந்தப் பாட்டிகளில் ஒருத்திக்கு ஐந்து பேரப்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீருடை வாங்கக் காசில்லை. பக்கத்து ஊரில் ஓர் இல்லம் சோறும் பள்ளிக்கூடமும் இலவசம் என்கிறது. இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிறாள். எந்தப் பாட்டியும் அதைத்தான் செய்வாள். இல்லத்துக்குப் பிள்ளைகள் வந்தால் நன்கொடையாளர்கள் வருவார்கள், நன்கொடையாளர்கள் வந்தால் இன்னொரு தங்குமிடம் வரும், தங்குமிடம் வந்தால் இன்னும் இரண்டு பிள்ளைகள். யாரும் கெட்டவர்களாக இல்லாமலே இந்தச் சக்கரம் சுற்றும்.

வறுமை ஒன்றை மட்டுமே காரணம் காட்டிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. கென்ய அரசும் 2004-இல் சோதனை முறையில் தொடங்கி, இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் தரும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. மாதம் 2,000 கென்ய ஷில்லிங். குறைந்த தொகைதான். ஆனால் அது வீட்டுக்குப் போகிறது, விடுதிக்குப் போவதில்லை.

அதற்காக அடுத்த மாதமே இல்லத்துக்குப் பணத்தை நிறுத்திவிடாதீர்கள். அது இன்னும் பெரிய தவறு. அங்கே 34 பிள்ளைகள் இன்று ராத்திரி சாப்பிட வேண்டும். இல்லத்து ஆட்களை விரோதித்துக்கொண்டு எதுவும் நடக்காது. அவர்களுக்கு ஒவ்வொரு பிள்ளையின் ஊரும் உறவும் தெரியும். அந்த அறிவுக்குத்தான் நீங்கள் இனிமேல் பணம் கொடுக்கப் போகிறீர்கள். அந்தப் பகுதிக்கான அரசுக் குழந்தைகள் அதிகாரியைச் சேர்த்துக்கொண்டு, பிள்ளைக்குப் பிள்ளை தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சிலருக்குத் திரும்பிப் போகப் பாதுகாப்பான வீடு இருக்காது. சிலர் அடி உதையிலிருந்து தப்பி வந்தவர்கள். அவர்களுக்கு உறவினரோ வளர்ப்புக் குடும்பமோ தேட வேண்டும். கிடைக்கும்வரை இல்லம்தான். மற்றவர்களுக்கு முதலில் வார இறுதிகளில் வீடு, பிறகு விடுமுறை முழுக்க வீடு, அப்புறம் வீட்டிலிருந்தே பள்ளி என்று மெதுவாக நகர்த்தலாம். வீட்டுக்குப் போன பிறகும் ஒருவர் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவருக்கான சம்பளம், பஸ் காசு, இவைதான் உங்கள் பணத்துக்கு நான் சொல்லும் முதல் செலவு. 'நிர்வாகச் செலவு' என்று இங்கே யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இரண்டாவது செலவு காகிதம். கேட்டால் சிரிப்பீர்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குப் பொதுத்தேர்வுப் பதிவில் சிக்கல் வரும், வயது வந்ததும் அடையாள அட்டையில் சிக்கல் வரும். தகப்பனின் இறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் அவர் நிலத்தில் உரிமை கேட்க முடியாது, சித்தப்பாவோ பெரியப்பாவோ உழுதுகொண்டிருப்பார். இல்லத்தில் பத்து வருடம் இருந்துவிட்டு வருகிற பையனுக்கு ஊரில் தன் வேலி எங்கே என்று காட்டக்கூட ஆள் இருக்காது. இந்தக் காகிதங்களுக்கு ஆகும் செலவு சொற்பம். ஆனால் இதற்காக யாரும் பணம் திரட்டுவதில்லை, போட்டோவில் நன்றாக இருக்காது என்பதால்.

பணம் திரட்டும்போது சொற்களில் கவனம் வேண்டும். 'தங்குமிடத்துக்கு' என்று சொல்லி வாங்கிய பணத்தை வேறெதற்கும் செலவழிக்க முடியாது. சட்டப்படி அது தனி நிதி. ஒருவேளை ஏற்கெனவே அப்படிக் கேட்டு வாங்கியிருந்தால், கொடுத்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லி என்ன செய்யலாம் என்று கேளுங்கள். இனி கேட்கும்போது, 'மீதமானால் அமைப்பின் மற்றப் பணிகளுக்கு' என்ற வரி எல்லா அறிவிப்பிலும் இருக்கட்டும்.

இன்னொன்று, ஷில்லிங்கில் வாக்குக் கொடுக்காதீர்கள். 2024 ஜனவரியில் ஒரு டாலருக்கு 160 ஷில்லிங் கிடைத்தது, சில மாதங்களில் அது 130 பக்கம் வந்துவிட்டது. ஷில்லிங்கில் சொல்லி வைத்திருந்தவர்கள் அதே தொகைக்குக் கூடுதலாகத் திரட்ட வேண்டியிருந்தது. பவுண்டில் வாக்குக் கொடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள், ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் படிப்புச் செலவை ஏற்றால் அது ஒன்பது வருட வாக்கு. 34 பிள்ளைக்கு இரண்டு வருடம் கொடுத்துவிட்டுக் களைத்துப்போகும் குழுவைவிட, 12 பிள்ளைக்குக் கடைசிவரை நிற்கும் குழுவையே நான் மதிப்பேன். ஆறு பேரில் ஒருவருக்கு வேலை மாறும், ஒருவருக்குக் குழந்தை பிறக்கும். பொருளாளர் வேலையை மூன்று வருடத்துக்கு ஒருமுறை கைமாற்றுங்கள். கடவுச்சொற்கள் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

பயணம்? நீங்கள் போங்கள், சொந்தச் செலவில். கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள், குழந்தைகள் அதிகாரியைப் பாருங்கள், இரண்டு மூன்று பாட்டிகளின் வீட்டுக்குப் போய் டீ குடியுங்கள். ஆனால் உங்கள் பிள்ளைகளோடு இல்லத்தில் தங்கி இரண்டு வாரம் 'உதவி' செய்வது வேண்டாம். இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொண்டு பதினைந்தாம் நாள் விமானம் ஏறிவிடும் அண்ணன் அக்காக்களை அந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, அநாதை இல்லச் சுற்றுலாவால் வரும் தீங்கைப் பெயர் சொல்லியே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. சட்டத்திலும் சிக்கல் உண்டு. சுற்றுலாவுக்கு என்று சொல்லிப் போய்விட்டு வேலை செய்ய முடியாது, சம்பளமில்லாத வேலையானாலும். யார் போனாலும் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, முகமும் பெயரும் ஊரும் சேர்ந்து தெரியும்படி படம் போடக் கூடாது என்ற விதிகளை எழுத்தில் வைத்திருங்கள். பிள்ளைகள் பாதுகாப்பில் பெரிய தவறு நடந்தால் சாரிட்டி கமிஷனுக்குத் தெரிவிப்பது ட்ரஸ்டிகளின் பொறுப்பு. கென்யாவில் நடந்ததானாலும் அப்படித்தான்.

நிர்வாகிக்கு எப்படி எழுதுவது என்று தயங்குவீர்கள். கட்டடம் வேண்டாம் என்று தொடங்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் எந்த ஊர், உறவில் யார் இருக்கிறார், இல்லத்துக்கு எப்போது, யார் மூலம் வந்தது என்று ஒரு பட்டியல் கேளுங்கள். கூடவே இன்னொரு கேள்வி: கென்யாவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும், அதற்கு முன் டிசம்பரில் நீண்ட விடுமுறை. போன டிசம்பரில் கிறிஸ்துமஸ் அன்று இல்லத்தில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள்? ஏழெட்டுப் பேர்தான் என்று பதில் வந்தால், மற்றவர்கள் எந்த வீடுகளுக்குப் போனார்கள் என்று கேளுங்கள். அந்த முகவரிகள் கிடைத்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.