58 சிசி செயின் சா மெஷினில் ஊஞ்சல் பலகை அறுக்கலாமா?

அண்ணே, தேவகோட்டைத் தோட்டத்தில் சாய்ந்த வேம்பு இரண்டடி குறுக்களவு, கையில் இருப்பது 58 சிசி செயின் சா மெஷின், 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் இரும்புத் தகடு), இதில் ஊஞ்சல் பலகை எடுக்கலாமா, எந்தச் செயின் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அகலத்துக்கு ஆகாது.

துண்டு போடுவது வேறு, நெடுக்கே பலகையாகக் கிழிப்பது வேறு. கிழிக்கும்போது மெஷின் விடாமல் முழு வேகத்தில் ஓடவேண்டும். சின்ன மெஷினில் பிஸ்டன் போய்விடும். இரண்டடிக்கு 90 சிசி ரகம் வேண்டும், ஸ்டில் எம்எஸ் 661 மாதிரி. பார் 36 அங்குலம். பலகை ஒரே கனத்தில் வர பாரில் மாட்டும் மில் சட்டத்தின் பிடிகளே நாலைந்து அங்குலத்தைத் தின்றுவிடும்.

கடையில் சாதாரணமாகத் தரும் செயினின் பல் 30 டிகிரி சாய்வு. அது குறுக்கு வெட்டுக்கு. நெடுக்குக்கு 10 டிகிரி, ‘ரிப்பிங் செயின்’ என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் இருக்கிற செயினையே ஒவ்வொரு தடவை ராவும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக 10-க்குக் கொண்டுவரலாம். வெட்டு மெதுவாகப் போகும், பலகை வழவழப்பாக வரும். செயினின் பிட்சும் (கண்ணிகளின் இடைவெளி) கேஜும் (பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் தடிமன்) பாருக்குப் பொருந்த வேண்டும்.

ஒரே ஒரு மரத்துக்கு இந்தச் செலவு எனக்குச் சரியாகப் படவில்லை. காரைக்குடிப் பக்கம் மரமில்லுக்கு ஏற்றிவிடுங்கள். செயின் ஒரு வெட்டுக்கு 9 மில்லிமீட்டர் வரை தூளாக்கும். மில்லில் ஓடும் பேண்ட் சா (பட்டை ரம்பம்) அதில் பாதிகூட எடுக்காது. கொடி கட்டிய ஆணி உள்ளே புதைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வீட்டோர வேம்பில் இல்லாமல் இருக்காது! நடுத்தண்டு ஓடும் பலகை வெடிக்கும், ஊஞ்சலுக்கு அதை எடுக்காதீர்கள். வெட்டு முனைகளில் இன்றைக்கே பெயின்ட் அடித்துவிடுங்கள்.