மியூசிக்கல் லேசு, போர்ப் படம் கனம்னு யார் சொன்னது?

கேள்வி: டிவில ஒரு நாள் முழுக்க பழைய ஹாலிவுட் படங்களா போட்டாங்க. மத்தியானம் வரைக்கும் பாட்டும் டான்ஸுமா மியூசிக்கல், அப்புறம் ராத்திரி வரைக்கும் போர்ப் படங்க. போர்ப் படம்னா வரலாறு, மியூசிக்கல்னா பொழுதுபோக்கு. ரெண்டையும் எதுக்கு ஒரே நாள்ல கலக்கணும்?

பதில்: கலக்கணும்ங்கிறதுதான் என் கட்சி.

அந்தப் படங்களை எடுத்தவங்களே நீங்க பிரிக்கிற மாதிரி பிரிக்கலைங்க. ராபர்ட் வைஸ் 1958ல 'ரன் சைலன்ட், ரன் டீப்'னு நீர்மூழ்கிக் கப்பல் படம் எடுத்தாரு, 1961ல ஜெரோம் ராபின்ஸோட சேர்ந்து 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 1965ல 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்', அடுத்த வருஷமே சீனாவுல ஓடுற ஒரு அமெரிக்க போர்ப் படகைப் பத்தி 'தி சாண்ட் பெப்பிள்ஸ்'. எல்லாம் ஒரே ஆள்.

'சவுண்ட் ஆஃப் மியூசிக்'னாலே எல்லாருக்கும் மலையும் குழந்தைங்களும்தான் ஞாபகம் வருது, ஆனா கதை நடக்கிறது 1938ல ஹிட்லர் ஆஸ்திரியாவை முழுங்குற சமயத்துல, கதாநாயகனான ஆஸ்திரியக் கேப்டனை ஜெர்மன் கடற்படையில வந்து சேருன்னு கூப்பிடுறாங்க, அவர் நாஜி அதிகாரிங்க முன்வரிசையில உட்கார்ந்திருக்க மேடையில 'எடெல்வைஸ்'னு தாய்நாட்டைப் பத்தின பாட்டைப் பாடுறாரு, பாதியில தொண்டை அடைச்சு நின்னுடுது, மனைவி வந்து கூட சேர்ந்து பாடுறா, அப்புறம் மொத்தக் கூட்டமும் பாடுது. அதை வெறும் பொழுதுபோக்குன்னு ஒதுக்க என்னால முடியாது.

'கேபரே'ங்கிற மியூசிக்கல் (1972, பாப் ஃபாஸி எடுத்தது) இன்னும் ஒரு படி மேல. வெயில் காயுற ஒரு பீர் தோட்டம், ஒரு பையன் பாட ஆரம்பிக்கிறான், நல்ல குரல், களையான முகம், கேமரா மெதுவா கீழ இறங்கினா அவன் கையில நாஜி பட்டை. பக்கத்துல உட்கார்ந்திருந்தவங்க ஒவ்வொருத்தரா எழுந்து கூடவே பாடுறாங்க, முகமெல்லாம் இறுகிப் போகுது, ஒரு கிழவர் மட்டும் எழுந்திருக்காம குனிஞ்சு உட்கார்ந்திருக்காரு. ஒரு குண்டு வெடிக்கல, ஒரு டாங்கி வரல. ஒரு சமூகம் எப்படி மொத்தமா கைமாறிப் போகும்ங்கிறதை இவ்வளவு பச்சையா காட்டின போர்ப் படம் ரொம்பக் கம்மி.

சரி, போர்ப் படம் வரலாறுங்கிறீங்களே, அதுக்கு வருவோம். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957), டேவிட் லீன், ஏழு ஆஸ்கர், இலங்கையில கித்துல்கல பக்கம் எடுத்தது. பெரிய படம்தான், எனக்கும் பிடிக்கும். அதுல ஜப்பான்காரங்ககிட்ட பிடிபட்டு ரயில் பாலம் கட்டுறது முழுக்க பிரிட்டிஷ் கைதிங்க. நிஜத்துல 1942-43ல ஜப்பான்காரங்க போட்ட அந்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா (சயாம்னா இப்போதைய தாய்லாந்து) ரயில் பாதையில 12,000க்கு மேல நேச நாட்டுக் கைதிங்க செத்தாங்க, ஆனா அதைவிட பல மடங்கு ஆசியத் தொழிலாளிங்க செத்தாங்க, காலரா, பட்டினி, அடி, உதை. அதுல மலாயா ரப்பர் தோட்டங்கள்ல இருந்து கொண்டு போன தமிழர்கள் ஆயிரக்கணக்குல. நம்ம ஜனங்க. அவங்களுக்கு அந்தப் படத்துல இடமே இல்லை. படம் பார்த்தவங்க மனசுல தங்கினது சிப்பாய்ங்க விசில் அடிச்சுக்கிட்டே அணிவகுத்து வர்ற அந்த மெட்டுதான். அப்ப எதுங்க வரலாறு, எதுங்க பாட்டு?

அதே 1957ல ஸ்டான்லி குப்ரிக் எடுத்த 'பாத்ஸ் ஆஃப் குளோரி' முதல் உலகப் போர் கதை, தன் சொந்த சிப்பாய்ங்களையே கோழைங்கன்னு சொல்லி சுட்டுக் கொல்ற பிரெஞ்சு ராணுவம். அது முடியுறது ஒரு பாட்டுல. பிடிபட்ட ஜெர்மன் பொண்ணை மேடையில ஏத்தி சிப்பாய்ங்க கேலி பண்ணி ஊளையிடுறாங்க, அவ அழுதுக்கிட்டே பாடுறா, கத்தினவங்க அடங்கி, மெட்டை மட்டும் முனக ஆரம்பிக்கிறாங்க, கண்ணுல தண்ணி.

நீங்க கோபப்பட வேண்டிய விஷயம் வேற ஒண்ணு இருக்கு. இந்த மாதிரி கடைசிப் பாட்டு ஓடும்போதே படத்தைச் சுருக்கி ஓரமா தள்ளிட்டு அடுத்த நிகழ்ச்சி விளம்பரத்தைப் போடுறாங்க பாருங்க, அகலத் திரைக்கு எடுத்த டான்ஸை டிவி அளவுக்கு வெட்டி ரெண்டு ஓரத்துலயும் ஆடுறவங்களைக் காணாம அடிக்கிறாங்க பாருங்க, அதைக் கேளுங்க. சேனலுக்கு லெட்டர் எழுதுறதா இருந்தா அதை எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன்.